புதிய காரை வீட்டிலேயே கழுவிப் பராமரிப்பது: மதுரைத் தூசிக்கும் மதுரைத் தண்ணீருக்கும் ஏற்ற முறை

புதிய கார் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, பழைய துண்டு ஒன்றை எடுத்து வந்து, இரவில் படிந்த தூசியைப் பானெட்டிலிருந்து டிக்கி வரை உலர்ந்த துணியாலேயே துடைத்துவிடுவதுதான். மதுரையின் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் காலை ஆறரை மணிக்கு இதைப் பார்க்கலாம். மிகுந்த அக்கறையோடு செய்யப்படும் இந்தச் செயல்தான், வெயிலையும் மழையையும்விட விரைவாகக் காரின் பெயிண்டைக் கெடுக்கிறது. என் முதல் காரை, அது கருநீல நிறம், நானும் மூன்று மாதம் இப்படித்தான் துடைத்து வந்தேன். ஒரு நாள் இரவு பெட்ரோல் பங்கின் விளக்கு வெளிச்சத்தில் பானெட் முழுவதும் சிலந்தி வலையைப் பரப்பியதுபோல நுண்ணிய வட்டக் கோடுகள் தெரிந்தன. தண்ணீர் ஊற்றினால் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிகிற அந்தக் கீறல்களை எந்த ஷாம்பூவாலும் போக்க முடியாது. காரைக் கழுவுவதற்கு முறை என்று ஒன்று இருக்கிறது என்பதை நான் தேடிக் கற்றது அதற்குப் பிறகுதான்.

இன்றைய கார்களின் பெயிண்ட் ஒரே பூச்சு அன்று. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறத்தைத் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற, பளபளப்பைத் தருகிற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் உள்ளன. நான்கும் சேர்ந்த கனம் பெரும்பாலான கார்களில் 100 முதல் 140 மைக்ரான் வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால், நாம் காப்பாற்ற வேண்டிய அடுக்கு எவ்வளவு மெல்லியது என்பது புரியும்.

இதன் மேல் வந்து படிகிற தூசியோ வெறும் மண் அன்று. மேலூர், கீழவளவு பகுதிகளின் பாறை கிரானைட். ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் நாள் முழுவதும் ஓடுகின்றன. கிரானைட்டில் உள்ள படிகக்கல் கடினத்தன்மை அளவுகோலில் 7 என்ற நிலையில் இருப்பது. சாதாரணக் கத்தியின் எஃகு அதற்குக் கீழேதான் வரும். அந்தக் கல்தூளைத் துணிக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பது, மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழிமுறைகளும் இரண்டே நோக்கங்களைச் சுற்றி அமைந்தவை: தூசியைத் தேய்க்காமல் நீக்குவது, தண்ணீரை பெயிண்டின் மேல் தானாகக் காய விடாமல் இருப்பது.

டெலிவரி நாளும் பூஜையும்

காரை எடுக்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பே ஷோரூமில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: டெலிவரிக்கு முன் காரைக் கழுவித் துடைக்க வேண்டாம், வந்தபடியே கொடுங்கள். பல கார்களில் முதல் கீறல்கள் விழுவது அங்கேதான். பகல் முழுவதும் பல வண்டிகளைத் துடைத்த அதே துணியால் உங்கள் வண்டியும் துடைக்கப்பட்டால், அந்தத் துணியில் சேர்ந்த மணல் யாருடைய வண்டியில் இருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என் இரண்டாவது காரின் டெலிவரியின்போது இதைக் கேட்டுக்கொண்டேன். விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி முதலில் தயங்கினாலும், காரணத்தை விளக்கியதும் தூசியோடே கொடுத்தார்.

பூஜை போடாமல் புதிய வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவது நம் ஊரில் வழக்கமில்லை. பாண்டி கோயிலுக்கோ, அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதிக்கோ, குலதெய்வம் கோயிலுக்கோ வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அந்த வழக்கத்தை விட வேண்டியதில்லை. சந்தனமும் குங்குமமும் எங்கே படுகின்றன என்பதை மட்டும் கவனித்தால் போதும். சந்தனத்தை முன் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் விரும்பினால், அன்று மாலைக்குள் கழுவிவிடுங்கள். குங்குமமும் மஞ்சளும் வெள்ளை நிற வண்டிகளில், குறிப்பாகப் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் ஓரங்களிலும் இடுக்குகளிலும், கறையாகத் தங்கிவிடக்கூடும். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தானாக இளகி வரும்.

மாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூக்களால் கெடுதல் இல்லை; அவற்றைக் கட்டிய ஜிகினாச் சரமும், பின்னால் முடிந்த கம்பியும், வண்டி ஓடும்போது காற்றில் அடித்து அடித்து பானெட்டில் கோடு போடுகின்றன. பூஜை முடிந்ததும் மாலையைக் கழற்றி டாஷ்போர்டின் மேலோ பின் சீட்டிலோ வைத்துக்கொண்டு புறப்படலாம்.

சீட்டிலும் கதவுகளின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பிளாஸ்டிக் உறைகளையும் அன்றே உரித்துவிடுங்கள். புதுமை போய்விடும் என்று மாதக்கணக்கில் அவற்றை வைத்திருப்பவர்கள் உண்டு. மதுரை வெயிலில் அந்த உறைக்கும் துணிக்கும் நடுவில் வியர்வை ஈரம் தங்கி நாற்றம் பிடிக்கிறது. பாதுகாப்புத் தாள்களின் பசையும் சூட்டில் இறுகி, பிறகு உரிக்கும்போது பாகத்திலேயே தங்கிவிடுகிறது.

தண்ணீர்

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதியாக நான் கருதுவது இதைத்தான். நல்ல ஷாம்பூ, விலை உயர்ந்த துணி என்று எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் உப்பு மிகுந்த போர் தண்ணீரை ஊற்றி வெயிலில் காய விட்டால் அத்தனையும் வீண். நம் பகுதியில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. குளியலறைக் குழாயின் முனையில் வெள்ளையாகப் படிந்திருக்கும் சுண்ணாம்பே அதற்குச் சாட்சி. ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தர விதி, குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2000 வரை அனுமதிக்கிறது. உங்கள் போர் தண்ணீரில் அது 1000 என்று வைத்துக்கொள்வோம். கழுவி முடித்த காரின் மேல் கால் லிட்டர் தண்ணீர் துளித்துளியாகத் தங்கினால், அது காயும்போது 250 மில்லிகிராம் உப்பு பெயிண்டிலும் கண்ணாடியிலும் வட்ட வட்டமாகப் படியும். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதன் மேலேயே புதிய உப்பு சேரும். கருப்பு, கருநீலம், சிவப்பு நிற வண்டிகளில் இது தேமல்போலத் தெரியும். வெயில் ஏற ஏற அந்தப் படிவு கிளியர் கோட்டைத் தின்று குழி உண்டாக்கிவிட்டால், பாலிஷ் போடாமல் போகாது.

உப்பின் அளவைப் பார்க்கும் சிறு டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, வீட்டில் கிடைக்கும் ஒவ்வொரு தண்ணீரையும் ஒருமுறை அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படி அளந்த பிறகுதான் எதை எதற்குப் பயன்படுத்துவது என்று ஒழுங்கு வந்தது. முதலில் அழுக்கை இறக்குவதற்குப் போர் தண்ணீரே போதும். ஷாம்பூ கலக்கவும், குறிப்பாகக் கடைசியாக ஊற்றவும், உப்புக் குறைந்த தண்ணீர் வேண்டும். கடைசி அலசலுக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் இருந்தால் போதும் என்பதால் மாநகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீரில் ஒரு வாளியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். குடிநீருக்குத் தட்டுப்பாடு உள்ள கோடையில் அதையும் தொட மனம் வராது. அப்போது வீட்டு ஏசியின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து உருவாகும் அந்த நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. தூசி மட்டும் இருக்கலாம் என்பதால் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொண்டால் போதும். மழைநீரும் அப்படியே. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பலர் வீட்டில் அமைப்பு இருக்கிறது. அது நேராக நிலத்துக்குள் போகாமல் ஒரு டிரம்மில் நிரம்புமாறு வைத்திருப்பவர்களுக்கு, கார் கழுவ அதைவிடச் சிறந்த தண்ணீர் இல்லை.

ஒரு தவறான பழக்கத்தை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்காமல் வண்டி கழுவப் பயன்படுத்துங்கள் என்று பலரும் அறிவுரை சொல்கிறார்கள். நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்வது அந்தக் கழிவுநீரில்தான். அது போர் தண்ணீரைவிடவும் உப்பு மிகுந்தது. கழிவறைக்கும் தரை கழுவுவதற்கும் அதைக் கொடுங்கள், காருக்கு வேண்டாம்.

புதிதாக விழுந்த உப்புக்கறைக்கு, சமையலுக்குப் பயன்படும் வெள்ளை வினிகரையும் நல்ல தண்ணீரையும் சம அளவில் கலந்து, நனைத்த துணியை ஒரு நிமிடம் அதன் மேல் வைத்து எடுத்து, உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். வினிகர் மெழுகுப் பூச்சையும் கொஞ்சம் கரைக்கும் என்பதால், பிறகு அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் வாக்ஸ் போட வேண்டியிருக்கும். கழிவறை கழுவும் ஆசிட்டை எந்தக் காரணத்துக்காகவும் காரின் அருகே கொண்டுபோகாதீர்கள்.

தேவையான பொருள்கள்

பட்டியல் நீளமானது அன்று. பதினைந்து முதல் இருபது லிட்டர் வாளிகள் இரண்டு. மைக்ரோஃபைபரால் ஆன, கையில் மாட்டிக்கொள்ளும் உறை ஒன்று. சக்கரங்களுக்கென்று தனியாகப் பழைய உறை ஒன்றும் மென்மையான பிரஷ் ஒன்றும். துவட்டுவதற்குப் பெரிய, கனமான மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று. சிறிய மைக்ரோஃபைபர் துணிகள் ஐந்தாறு. காருக்கென்றே செய்யப்பட்ட, அமிலமோ காரமோ அல்லாத நடுநிலையான ஷாம்பூ. பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. காரின் மேல் இருக்கும் வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். துணி சோப்புத்தூள் அதைவிடக் காரமானது.

வாளியின் அடியில் வைக்கும் சல்லடைத் தட்டைக் கார் பொருள் கடைகளில் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால், காய்கறி கழுவும் பிளாஸ்டிக் வடிதட்டு ஒன்றைக் கவிழ்த்து வாளியின் அடியில் வைத்தாலும் அதே வேலை நடக்கும். உறையை அலசும்போது உதிரும் மணல் அந்தத் தட்டின் துளைகள் வழியே கீழே போய்த் தங்கும். மேலே உள்ள தண்ணீர் கலங்கினாலும் மணல் மறுபடி உறையில் ஏறாது.

அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையைக் கிழித்து வண்டி துடைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது. தோய்த்துத் தோய்த்து மென்மையான பருத்திதான் என்றாலும், மைக்ரோஃபைபரின் இழைகளுக்கு நடுவே தூசியை வாங்கிக்கொள்ளும் இடைவெளி இருப்பதுபோல அதில் இல்லை. தூசி துணியின் மேற்பரப்பிலேயே நின்று பெயிண்டின் மேல் இழுபடுகிறது. கரைப் பகுதியின் தையல் இன்னும் மோசம். பனியன் துணிக்கும் இது பொருந்தும். அவற்றைக் கதவின் உள்விளிம்புக்கும் சக்கரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவும் முறை

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு முன் அல்லது வெயில் தாழ்ந்து, தகடு ஆறிய பின், நிழலில் நிறுத்திக் கழுவ வேண்டும். பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; சூடு தெரிந்தால் அன்றைய கழுவலைத் தள்ளிப் போடுங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் பத்து மணிக்கு மேல் கழுவினால், ஒரு கதவைத் தேய்த்து முடிப்பதற்குள் அடுத்த கதவில் ஷாம்பூ காய்ந்துவிடும். ஓடி வந்து நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க்குகளில் உடனே குளிர்ந்த தண்ணீரை அடிப்பதும் நல்லதல்ல. அவை ஆறும்வரை காத்திருங்கள்.

முதலில் சக்கரங்கள். வண்டியில் மிக அழுக்கான இடம் அவைதான் என்பதாலும், அவற்றைக் கழுவும்போது தெறிக்கும் கரி வண்டியின் உடலில் படும் என்பதாலும், அவற்றை முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பிரேக் பேடிலிருந்து உதிரும் தூளில் இரும்புத் துகள்கள் உண்டு. வாரக்கணக்கில் விட்டால் அலாய் வீலின் பூச்சில் அவை பதிந்துவிடும். சக்கரத்துக்குப் பயன்படுத்திய துணியும் தண்ணீரும் அதோடு சரி. அவை வேறு எங்கும் போகக்கூடாது.

அடுத்து, எதையும் தொடாமல், மேலிருந்து கீழாக வண்டி முழுவதையும் நனையுங்கள். இதற்கு ஐந்து நிமிடமாவது கொடுங்கள். பொறுமை இழந்து பலரும் சுருக்கிவிடுகிற கட்டம் இது. ஆனால் தேய்க்காமல் இறங்கக்கூடிய தூசி அனைத்தும் இறங்குவது இங்கேதான். அழுத்தத்தோடு தண்ணீர் அடிக்கும் இயந்திரம் வீட்டில் இருந்தால், முனையைக் குறைந்தது ஓர் அடி தள்ளிப் பிடித்து அடியுங்கள்; டயரின் பக்கவாட்டிலும், பின்புற சென்சார்களிலும், ஸ்டிக்கர் ஓரங்களிலும் நெருக்கமாக அடிக்கக் கூடாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் சார்ஜிங் மூடி சரியாக மூடியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓஸ் குழாய் மட்டும் இருந்தாலும் குறையில்லை. ஓஸும் இல்லாதவர்கள் பூச்செடிக்கு ஊற்றும் பூவாளியால் மேலிருந்து மெதுவாக ஊற்றலாம். கப்பில் மொண்டு வீசி அடிப்பதைவிட அது சீராக ஓடித் தூசியை எடுத்துச் செல்லும்.

இப்போது ஒரு வாளியில் புட்டியில் சொல்லியுள்ள அளவில் ஷாம்பூ கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். உறையை ஷாம்பூவில் நனைத்து, கூரையிலிருந்து தொடங்கி, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி என்று இறங்கி, கதவுகளின் கீழ்ப்பாதியையும் பம்பர்களின் அடிப்பகுதியையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கையின் எடையே போதும், அழுத்தம் வேண்டாம். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் உறையை வெறும் தண்ணீர் வாளியில் உள்ளே இருக்கும் தட்டின் மேல் உரசி அலசிவிட்டு, அதன் பிறகே ஷாம்பூ வாளியில் மீண்டும் நனைக்க வேண்டும். உறை கை தவறித் தரையில் விழுந்தால், அது எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், குழாயடியில் நன்றாக அலசாமல் வண்டியைத் தொட வேண்டாம். ஒரே ஒரு மணல் துகள் ஒரு கதவை முழுக்கக் கோடு போட்டுவிடும். கூரையும் பானெட்டும் முடிந்தவுடன் ஒருமுறை தண்ணீர் ஊற்றிவிட்டுக் கதவுகளுக்குப் போவது நல்லது.

கடைசி அலசலுக்கு ஓஸின் முனையில் இருக்கும் தூவியைக் கழற்றிவிட்டு, அழுத்தமில்லாத நீரோட்டமாக மேலிருந்து விடுங்கள். தண்ணீர் துளியாகத் தெறிக்காமல் படலமாக வழிந்து இறங்கும்போது தன்னோடு மற்றத் துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும்; துவட்ட வேண்டியது பாதியாகக் குறையும். எடுத்து வைத்த நல்ல தண்ணீரையும் இப்படியே ஊற்றுங்கள்.

உடனே துவட்ட வேண்டும். பெரிய துண்டை பானெட்டின் மேல் விரித்துப் போட்டு, இரு முனைகளையும் பிடித்து மெதுவாக நம் பக்கம் இழுத்தால் போதும், தேய்க்கத் தேவையில்லை. பிறகு கதவுகளைத் திறந்து உள்விளிம்புகள், பெட்ரோல் மூடியின் உட்பகுதி, டிக்கியின் விளிம்பு ஆகியவற்றைச் சிறு துணியால் துடையுங்கள். பக்கக் கண்ணாடிகளின் உறைக்குள் தங்கிய தண்ணீர் பத்து நிமிடம் கழித்து ஒழுகிக் கதவில் கோடாகக் காயும் என்பதால், அங்கே கடைசியாக ஒருமுறை வர வேண்டும். எல்லாம் முடிந்ததும் தெருவை ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து டிஸ்க்குகளை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் காலையில் டிஸ்க்கில் செம்பழுப்பாகத் துரு தெரிந்தால் அஞ்ச வேண்டாம், வெறும் வார்ப்பிரும்பு ஈரத்தில் அப்படித்தான் ஆகும்; முதல் சில பிரேக்குகளில் போய்விடும்.

எச்சம், பிசின், சேறு, வைக்கோல்

வாரக் கழுவல் வரை காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. காக்கை எச்சமும், அரசமரம், ஆலமரத்தடியில் நிறுத்தினால் விழும் வௌவால் எச்சமும் வெயிலில் சில மணி நேரத்துக்குள்ளேயே கிளியர் கோட்டில் தடம் பதிக்கக்கூடியவை. ஒரு தண்ணீர் பாட்டிலையும் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளையும் எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். நனைத்த துணியை எச்சத்தின் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊற வைத்து, தேய்க்காமல் அள்ளி எடுக்க வேண்டும். மாமரத்தடியில் நிறுத்திய வண்டியில் பிசுபிசுவென்று படிவது மரத்தின் பால் அன்று, பூக்கும் காலத்தில் பெருகும் தத்துப்பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீர். அதை வெதுவெதுப்பான ஷாம்பூத் தண்ணீர் எளிதில் எடுத்துவிடும், ஆனால் தூசி படிந்து இறுகுவதற்கு முன் எடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் போய் வந்தால், சக்கரங்களுக்கு மேலே உள்ள வளைவுகளில் களிச்சேறு அப்பிக்கொள்ளும். காய்ந்த பிறகு அது சிமெண்ட்போல இறுகி, அடுத்த மழையில் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே உட்புறமாகத் தண்ணீர் அடித்து இறக்கிவிடுங்கள். இராமேசுவரம், தனுஷ்கோடி போய் வந்தால் மறுநாளே அடிப்பகுதி முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடல் உப்பு தகட்டின் இணைப்புகளில் தங்கினால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் அடிப்பகுதிக்கு டீசல் அடிக்கட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். டீசல் பட்டால் சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்கள் உப்பித் தளர்ந்துபோகும்.

அறுவடைக் காலத்தில் சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்துச் சாலைகளில் வைக்கோலும் கொள்ளுச் செடியும் பரப்பிக் கிடக்கும். அதன் மேல் ஓட்டி வந்தால், வீட்டுக்கு வந்து கழுவும் வரை காத்திருக்காமல், வழியிலேயே நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். சூடான சைலென்சரில் சுற்றிக்கொண்ட வைக்கோல் தீப்பிடித்து வண்டியே எரிந்துபோன நிகழ்வுகள் உண்டு.

வாக்ஸ் வரை

புதிய காருக்கு மூன்று மாதம் வாக்ஸ் போடக் கூடாது என்பார்கள். பட்டறையில் மறுபெயிண்ட் அடித்த பாகத்துக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். அதிலுள்ள கரைப்பான் முழுவதும் வெளியேறச் சில வாரங்கள் ஆகும். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் 130 முதல் 150 டிகிரி வரை சூடான அடுப்பில் வெந்து முழுமையாக இறுகி வருவது. அதற்கு முதல் வாரத்திலேயே வாக்ஸ் போடலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கழுவித் துவட்டிய பானெட்டின் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் தடவுங்கள். வழுவழுவென்று போனால் சரி. நெருநெருவென்று உரசினால், தொழிற்சாலையிலிருந்து லாரியிலோ ரயிலிலோ வந்த வழியில், பிறகு திறந்தவெளி யார்டில் நின்ற நாட்களில், இரும்புத் துகள்களும் தாரும் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். இரும்பு நீக்கும் திரவத்தைத் தெளித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக மாறி வழியும்; கெட்ட வாடை அடிக்கும் என்பதால் திறந்த இடத்தில் செய்யுங்கள், காய விடாமல் கழுவுங்கள். அதன் பிறகும் நெருநெருப்பு இருந்தால் மட்டும் களிமண் கட்டி; கார் பெயிண்டில் ஒட்டிய துகள்களை எடுப்பதற்கென்றே விற்கும் ‘கிளே பார்’ அது, சாதாரணக் களிமண் அன்று. ஷாம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, வழுக்கிக்கொண்டு போகும் அளவு ஈரத்தில், அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கட்டியை அடிக்கடி மடித்துப் புதிய பக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்த கட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இதற்குத் தேவை வராது.

வாக்ஸைப் பொறுத்தவரை, மெல்லியதாகப் போடுவதே முழு ரகசியமும். பஞ்சில் ஒரு ரூபாய் நாணய அளவு எடுத்து, ஒரு கதவு முழுவதும் பரப்புங்கள். கண்ணுக்கு மங்கலான படலமாகத் தெரிந்தால் போதும். புட்டியில் சொன்ன நேரம் கழித்துச் சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். கருப்பு நிற ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களில் பட்டால் வெள்ளையாகத் தங்கும், கவனம் தேவை. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு அழகான பளபளப்பைத் தந்தாலும், மதுரை வெயிலில் வெளியே நிற்கும் வண்டியில் ஓரிரு மாதத்துக்கு மேல் நிற்பதை நான் பார்த்ததில்லை. செயற்கைப் பாலிமரால் ஆன சீலன்ட் அதைவிட நீண்ட நாள் உழைப்பதால், வெயிலில் நிறுத்துபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். வண்டி வாங்கும்போதே டெஃப்லான் கோட்டிங் என்று சொல்லிப் பணம் கேட்டால் நிதானமாக யோசியுங்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் உள்ள அந்தப் பொருள் உருகுவதற்கே 327 டிகிரி சூடு வேண்டும். காரின் மேல் குளிர்ந்த நிலையில் தேய்ப்பதால் அதே பூச்சு உருவாகிவிடாது, நல்ல சீலன்ட் ஒன்றின் பயனையே எதிர்பார்க்கலாம். மிஷின் பாலிஷ் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் கொஞ்சத்தைச் சீவி எடுப்பது. புதிதாகக் கற்பவர் புதிய காரில் அதைத் தொட வேண்டாம்.

உள்ளே

உட்புற வேலை எளிது. முதலில் தூசி உறிஞ்சி, பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத் துணி, அவ்வளவே. டாஷ்போர்டில் எண்ணெய்ப் பளபளப்புள்ள பாலிஷைப் பூசாதீர்கள். பகல் வெயிலில் அது முன் கண்ணாடியில் பிரதிபலித்துப் பார்வையை மறைக்கும். டாஷ்போர்டில் உள்ள தொடுதிரைக்கு வெறும் உலர்ந்த மைக்ரோஃபைபர் போதும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சிறு துணி அடையாளம் தைத்திருந்தால், இறுக்கமான சீட் கவர் போடும் முன் அந்தக் கவர் அந்த இடத்தைத் திறந்து விடுகிற வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பலரும் பார்க்காத இடம் ஒன்று வைப்பர்களுக்கு அடியில், பானெட்டும் முன் கண்ணாடியும் சேரும் பள்ளம். வேப்பிலையும் புங்கம்பூவும் அங்கே சேர்ந்து மக்கி வடிகால் துளையை அடைத்துவிட்டால், ஐப்பசி மழையில் தண்ணீர் வழி தேடி வண்டிக்குள் இறங்கும், முன் சீட்டின் காலடி மேட் நனைந்து கிடக்கும். ஒவ்வொரு கழுவலிலும் கையால் அள்ளிவிடுங்கள். இன்ஜின் பகுதிக்குள் தண்ணீர் அடிக்க வேண்டாம். ஈரத் துணியால் மேலே தெரிகிற மூடிகளைத் துடைத்தால் போதும். டயருக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் வகையைப் பக்கவாட்டில் மட்டும் தடவுங்கள். சாலையைத் தொடும் பகுதியில் பட்டால் வழுக்கும்.

துணிகளும் கவரும்

வேலை முடிந்த அன்றே துணிகளைத் துவைத்துவிட வேண்டும். மைக்ரோஃபைபரை வீட்டுப் பருத்தித் துணிகளோடு சேர்க்காமல் தனியாக, துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல், சோப்புத் திரவம் கொஞ்சம் போட்டுத் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். வாசனைத் திரவம் இழைகளின் மேல் படலமாகப் படிந்து, தண்ணீரை உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். மண் தரையிலோ மதில் சுவரிலோ விரிக்காமல் கொடியில் போட்டு, காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சக்கரத் துணிகளுக்கு வேறு டப்பா.

வண்டியை மூடும் கவரைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். கழுவி உலர்ந்த வண்டியின் மேல், காற்றில்லாத கார் ஷெட்டில் போடுவதென்றால் போடலாம். தூசி படிந்த வண்டியின் மேல் இழுத்துப் போட்டால், போடும்போதும் எடுக்கும்போதும் அது உலர்ந்த துணியால் துடைப்பதற்குச் சமம். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து ஆடிக் காற்று வீசும் இரண்டு மாதமும் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்குக் கவரே வேண்டாம். இரவு முழுவதும் துணி படபடத்து, கண்ணாடி ஓரங்களிலும் பானெட் முனையிலும் உரசிக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் தூசி படிந்தால் படியட்டும் என்று விட்டுவிட்டு, சனிக்கிழமை காலை இரண்டு வாளிகளோடு வெளியே வாருங்கள்.